மேனேஜர் போனார், பையரும் போனார்: அடுத்தவரை எப்படி எடுப்பது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மறைந்த பிறகு ஆறு ஆண்டுகளாகப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை அவரே நடத்துகிறார். 85 பேர் வேலை செய்கிறார்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சொந்த இடத்தில். நிட்டிங்கும் டையிங்கும் வெளியே ஜாப் ஒர்க். ஜெர்மனி, ஸ்பெயின், இங்கிலாந்து என மூன்று பையர்கள், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள். இந்த மூவரிடமும் ஒன்பது வருடமாகப் பேசி வந்தவர் ஒரே ஒரு மெர்ச்சண்டைசிங் மேனேஜர் (ஆர்டர் வாங்குவது முதல் ஷிப்மென்ட் வரை பையரோடு பேசி வேலையை நகர்த்துபவர்). சென்ற தை மாதம் அவர் திடீரென்று விலகி வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் ஜெர்மனி பையரின் அடுத்த சீசன் ஆர்டர் அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டது.

இப்போது அந்த இடத்துக்குப் புது ஆள் வேண்டும். ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி 'கிளையன்ட் ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் ஒருவரை அனுப்பியிருக்கிறது. அவர் கேட்கும் சம்பளம் 90,000 ரூபாய். இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து இரண்டு பையர்களையும் அவர்களின் விலைப் பட்டியலையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உறவினர்கள் அண்ணன் மகனை எடுக்கச் சொல்கிறார்கள். உள்ளேயே ஐந்து வருடமாக உதவி மெர்ச்சண்டைசராக ஒரு பெண் இருக்கிறார். ஆனால் அவருக்கு அடுத்த வருடம் கல்யாணம். ராத்திரியில் பையரிடம் பேச வேண்டிய வேலைக்கு ஆண்தான் சரிப்படுவார் என்று சகோதரி நினைக்கிறார்.

கடிதத்தின் முடிவில் கேள்விகள்: பழைய மேனேஜர் மீது வழக்குப் போடலாமா? புதிதாக வருபவரிடம் மூன்று வருட பாண்டு (அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்), ஐந்து லட்சத்துக்கு செக், ஒரிஜினல் சான்றிதழ்கள், 'ஐந்து வருடம் திருப்பூரில் இதே தொழிலில் சேர மாட்டேன்' என்ற உறுதிமொழி எல்லாம் வாங்கிக்கொள்ளலாமா? பிஎஃப் தலைவலி இல்லாமல் 'கன்சல்டன்ட்' என்று போட்டு, சம்பளத்துக்குப் பதில் கமிஷன் மட்டும் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுக்க 'துரோகம்' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்பது வருடம் நம்பியவர் சொல்லாமல் போனால் அப்படித்தான் இருக்கும். அந்த வலியைச் சிறிதாக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு அடுத்த ஆளை எடுக்கப் போனால், வருபவரைக் கட்டிப்போடுவதிலேயே உங்கள் கவனம் முழுக்கப் போய்விடும். யாரை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பது பின்னால் தள்ளப்படும். நீங்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை கட்டிப்போடுவது பற்றியவைதான், கவனித்துப் பாருங்கள்.

முதலில், பையர் ஏன் போனார்?

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் டையிங்கில் ஷேடு மாறியதால் ஜெர்மனிக்குப் போக வேண்டிய இரண்டு ஷிப்மென்ட் தாமதமாகி, ஒன்றை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினீர்கள். எனக்கு அந்த வரி முக்கியமாகப் படுகிறது. குழந்தைகள் உடை விற்பவருக்கு சீசன் தவறினால் சரக்கு தேங்கிவிடும். இரண்டு முறை தேதி தவறிய பையர் வேறு இடம் தேடுவது இயல்பு. அந்த நேரத்தில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் வேறு கம்பெனியில் இருந்தால் அங்கே போவார். மேனேஜர் அழைத்துப் போனாரா, பையர் தானாகப் போனாரா என்பது உங்களுக்கும் தெரியாது. ஏனென்றால் இத்தனை மாதத்தில் நீங்கள் அந்தப் பையரிடம் ஒரு முறைகூட நேரடியாகப் பேசவில்லை. 'என் இங்கிலீஷ் அவ்வளவு சரளம் இல்லை' என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இங்கிலீஷில் இலக்கணப் பிழை இருக்கலாம். நிறுவனத்தின் முதலாளி நேரில் பேசுகிறார் என்பதற்கு இருக்கும் எடை வேறு யார் பேசினாலும் வராது. இந்த வாரமே அவர்களுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். தாமதத்துக்கு வருத்தம் சொல்லுங்கள். டையிங் யூனிட்டை மாற்றியதையும், இனி பல்க் துணி (ஆர்டருக்கான மொத்தத் துணி) வெட்டுக்குப் போகும் முன்பே ஷேடு பேண்ட் (நிற மாதிரித் துண்டுகள்) அனுப்பி ஒப்புதல் வாங்குவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆர்டர் உடனே திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். போன காரணமாவது உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் புது மேனேஜரை எடுத்தால் அவரும் அதே ஓட்டையில்தான் விழுவார்.

சரி, வழக்கு. பையர் யாருக்கும் சொத்து அல்ல. விருப்பமான இடத்தில் வாங்க அவருக்கு உரிமை உண்டு. வேறு வேலை தேட மேனேஜருக்கும் உரிமை உண்டு. 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, தன் வாடிக்கையாளர்களைக் கவனித்து வந்த அதிகாரி ஒருவர் போட்டி வங்கிக்குப் போனபோது அவரைத் தடுக்க வழக்குப் போட்டது. வாடிக்கையாளர் விவரம் தெரிந்தவர் என்பதற்காக ஒருவர் நல்ல வேலை தேடுவதைத் தடுக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்கள் வழக்கு அதைவிட பலவீனமானது. உங்கள் மேனேஜருக்கு நீங்கள் ஒரு வேலை ஆணைகூடக் கொடுத்திருக்கவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் வேறு வகை. உங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அடுத்த நிறுவனத்துக்காகப் பையரிடம் பேரம் பேசியிருந்தால் அது தவறு. காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்குத் தாள்), பேட்டர்ன் ஃபைல் (உடை வெட்டும் வடிவம்) போன்றவற்றை நகல் எடுத்துப் போயிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளில் நடவடிக்கைக்கு இடம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் விட்டுப்போன லேப்டாப்பில் அவருடைய சொந்த ஜிமெயில் இன்னும் திறந்தே இருப்பதாகவும், அதைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க வேண்டாம். லேப்டாப் உங்களுடையது, அந்தக் கணக்கு அவருடையது. அனுமதியில்லாமல் நுழைந்தால் மேலே சொன்ன அதே பிரிவுகள் உங்கள் பக்கம் திரும்பும். லேப்டாப்பை அணைத்து, தேதி எழுதி, பூட்டி வையுங்கள். நிறுவனம் சம்பந்தமான மெயில்கள், பையர் ஒப்புதல்கள், டெக் பேக் (உடையின் அளவும் விவரமும் உள்ள தாள்கள்) எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லி அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

அப்புறம், அவருடைய கடைசி மாதச் சம்பளம். 'வந்து கணக்குக் காட்டட்டும், பிறகு தருகிறேன்' என்று நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒருவர் ராஜினாமா செய்தாலும், நீங்கள் நீக்கினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்பதும் சட்டத்திலேயே பட்டியலாக இருக்கிறது. 'பையர் போன நஷ்டம்' அந்தப் பட்டியலில் கிடையாது. அதை வங்கி மூலம் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் அவர் மீது எதாவது நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும், சம்பளம் பாக்கி வைத்தவர் என்ற நிலையில் நிற்கக் கூடாது.

பாண்டு, செக், சான்றிதழ், ஐந்து வருடத் தடை

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 27ஆவது பிரிவு, சட்டப்படியான தொழில் எதையும் ஒருவர் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வியாபாரத்தை நற்பெயரோடு விற்பவர் விஷயத்தில் மட்டும் விலக்கு உண்டு. வேலையை விட்டுப் போன பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனி வழக்கில் 1980இலேயே ஏற்க மறுத்தது. ஆகவே உங்கள் ஐந்து வருட உறுதிமொழிக்கு முத்திரைத்தாள் செலவுதான் மிச்சம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் பிறந்து வளர்ந்து பின்னலாடைத் தொழில் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் 'ஐந்து வருடம் இங்கே இந்தத் தொழில் செய்யாதே' என்றால் அவர் எங்கே போவார்? நல்ல ஆள் அதில் கையெழுத்துப் போட மாட்டார். போடுபவர், அது செல்லாது என்று தெரிந்து போடுபவராக இருப்பார்.

அதே சமயம், வேலையில் இருக்கும் காலத்தில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு உதவும்.

'2025இல் சுப்ரீம் கோர்ட் பாண்டு செல்லும் என்று சொல்லிவிட்டது' என்று உங்கள் ஆடிட்டர் சொன்னது பாதி சரி. விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றம் ஏற்றது உண்மை. அது பொதுத்துறை வங்கி. விளம்பரம் கொடுத்து, எல்லோருக்கும் பொதுவான போட்டியில் ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. ஒருவர் பாதியில் போனால் அந்தச் செலவு முழுக்க மறுபடியும் வரும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் ஐந்து லட்சம் என்று எழுதிவிட்டால் ஐந்து லட்சம் கிடைத்துவிடாது. 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. புது ஆளை ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு உங்கள் செலவில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அந்தச் செலவுக்கு ரசீதுகள் வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்குள் விலகினால் அதை விகிதப்படி திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். அது நிற்கும். சும்மா வேலைக்கு வந்ததற்கே ஐந்து லட்சம் என்பது நிற்காது.

ஐந்து லட்சத்துக்கு செக் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். செக் பணமில்லாமல் திரும்பினால் போடும் வழக்குக்குச் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் ஒன்று இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் உங்களுக்கு எந்தக் கடனும் படவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், மன்னியுங்கள். படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. பிடித்து வைத்தால் திருப்பிக் கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம், போனால் கொடுக்க வேண்டிவரும். உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து பையரின் சோஷியல் ஆடிட்டில் (தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்ற சோதனையில்) இருக்கிறது. ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் சம்பளத்தை நிறுத்துவதும் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியல் போட்டிருக்கிறது. கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மில்களில் வேலைக்கு வைத்த சுமங்கலித் திட்டம் பற்றிய செய்திகள் வெளிவந்த காலத்திலிருந்து ஐரோப்பிய பையர்கள் நம் பகுதியை உன்னிப்பாகவே பார்க்கிறார்கள். ஒரு ஆளை நிறுத்தி வைப்பதற்காக ஸ்பெயின் பையரையும் இழந்துவிடாதீர்கள்.

கன்சல்டன்ட் யோசனைக்கு வருவோம். தினமும் உங்கள் அலுவலகத்தில், உங்கள் நேரப்படி, உங்கள் கட்டுப்பாட்டில் வேலை செய்பவரை எந்தப் பெயரில் எழுதினாலும் ஊழியர் என்றே பார்ப்பார்கள். இதில் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது எவ்வளவு தெரியுமா? ஏற்கெனவே பிஎஃப் கணக்கு உள்ளவர் வந்தால் தொடர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரம்பில் கட்டினால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 ரூபாய். இதர கட்டணம் கொஞ்சம் சேரும். இஎஸ்ஐ வரம்பு 21,000 ரூபாய் என்பதால் இந்தச் சம்பளத்துக்கு அது வராது. 1,800 ரூபாய்க்காக எடுக்க வேண்டிய ஆபத்தா இது?

யாரை எடுப்பது?

நீங்கள் ஒரே ஆளிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறீர்கள். இருக்கும் பையரைக் காப்பது ஒன்று. புதுப் பையரைப் பிடிப்பது இன்னொன்று. முதல் வேலைக்குப் பொறுமையும் விவரமும் வேண்டும். லேப் டிப் (சாயத்தின் சிறு மாதிரி) ஒப்புதல் வந்ததா, பிபி சாம்பிளில் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி உடையில்) பையர் சொன்ன திருத்தம் கட்டிங்குக்குப் போனதா, பேக்கிங் தேதி தள்ளுகிறதா என்று தினமும் பின்னால் நிற்கும் குணம் அது. இரண்டாவது வேலைக்குக் கண்காட்சி, பயணம், பையிங் ஹவுஸ் (பையருக்காகச் சரக்கு தேடித் தரும் இடைநிலை நிறுவனம்) தொடர்பு, முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்கும் துணிச்சல் வேண்டும். இரண்டும் ஒருவரிடம் இருப்பது அபூர்வம். உங்கள் இன்றைய ஆபத்து மீதமிருக்கும் இரண்டு பையர்களும் கை நழுவுவது. ஆகவே இப்போது முதல் வேலைக்கு ஆள் எடுங்கள். புதுப் பையர் வேலையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா – இங்கிலாந்து வர்த்தக ஒப்பந்தத்தைச் சொல்லி, உடனே புதுப் பையரைப் பிடிக்க உங்களை அவசரப்படுத்துபவர்கள் இருப்பார்கள். இருக்கும் இங்கிலாந்து பையருக்கு ஒழுங்காக ஷிப்மென்ட் போட்டாலே அந்த ஒப்பந்தத்தால் வரும் நன்மையில் உங்களுக்குப் பங்கு வரும்.

90,000 கேட்பவர் பற்றி. அவர் இப்போதைய முதலாளியின் விலைப் பட்டியலை உங்களிடம் காட்டத் தயாராக இருப்பதை நீங்கள் தகுதியாகப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்துவிட்டு அவர் வரப்போகிறார். சட்டப்படியும் இது உங்களுக்கு ஆபத்து. அந்தப் பட்டியல் ரகசியத் தகவல் என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்டால் பயனடைந்தவர் என்ற முறையில் உங்களையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். அவரை எடுக்கத்தான் வேண்டும் என்றால், பழைய நிறுவனத்தின் எந்த ஆவணமும் கொண்டு வரவில்லை என்று எழுதி வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எடுக்க மாட்டேன்.

அண்ணன் மகனையும் மற்றவர்களைப் போலவே தேர்வு வைத்து எடுப்பதானால் எடுங்கள். உறவு என்பதற்காக என்றால் வேண்டாம். சரியில்லை என்றால் வெளியே அனுப்ப உங்களால் முடியாது.

இனி அந்த உதவி மெர்ச்சண்டைசர். 'பையரிடம் பேசும் திறமை அவளுக்கு இல்லை' என்று யார் சொன்னது? பழைய மேனேஜர். பையரிடம் வேறு யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. அவருடைய மதிப்பீட்டை மட்டும் வைத்து இந்தப் பெண்ணை ஒதுக்காதீர்கள். அவர் போன பிறகு இரண்டு பையர்களின் ஆர்டரும் இதுவரை நிற்காமல் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் ஓட்டுகிறார்கள்?

கல்யாணம் ஆகப் போகிறது, பிரசவ விடுப்பு கேட்பார் என்பதை ஒரு காரணமாக வைக்காதீர்கள். ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பிரசவ விடுப்பு 26 வாரம். பல மாதம் முன்பே தெரிந்து, மாற்று ஆளைப் பழக்கி வைக்கக்கூடிய இடைவெளி அது. பழைய மேனேஜர் எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்? ராத்திரி வேலை என்ற பயமும் கணக்குப் போட்டால் குறையும். கோடையில் ஜெர்மனியும் ஸ்பெயினும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி. அவர்களுடைய காலை ஒன்பது மணி நமக்கு மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. மதியம் இரண்டு முதல் ஆறு வரை பேசி முடித்துவிடலாம். எப்போதாவது நேரம் ஆனால் வீட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம். அது உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரையே மூன்று மாதம் பொறுப்பு மேனேஜராகப் போட்டு, சம்பளத்தையும் உயர்த்திப் பாருங்கள் என்பது என் யோசனை. அவருக்கு உதவியாக ஜூனியர் ஒருவரை எடுக்கலாம். முதலிபாளையத்தில் உள்ள நிஃப்ட்-டீ கல்லூரியில் இந்தத் தொழிலுக்கென்றே படித்து வருகிறார்கள், அங்கே கேளுங்கள்.

வெளியிலிருந்து எடுப்பதானாலும் சரி, இந்தப் பெண்ணை உயர்த்துவதானாலும் சரி, நேர்காணலில் இங்கிலீஷ் சரளத்தை மட்டும் பார்க்காமல் ஒரு நிஜச் சிக்கலைக் கொடுங்கள். 'ஷிப்மென்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பல்க் துணி வந்திருக்கிறது, ஒப்புதலான லேப் டிப்பைவிட ஷேடு கொஞ்சம் அடர்த்தி. பையருக்கு என்ன மெயில் எழுதுவீர்கள்?' அரை மணி நேரம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மறைத்துவிட்டு அனுப்பலாம் என்பவர் ஒரு வகை. 'சாரி, லேட் ஆகும்' என்று மட்டும் எழுதுபவர் இன்னொரு வகை. டையிங் யூனிட்டில் ரீ-டை (மறுபடி சாயம்) செய்ய எத்தனை நாள் என்று முதலில் உங்களிடம் கேட்டு, துணியின் ஸ்வாட்ச்சை (மாதிரித் துண்டை) கூரியரில் அனுப்பி, பகுதி ஷிப்மென்ட் போடலாமா என்று பையருக்கு வழிகளையும் முன்வைப்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். அடுத்து ஒரு டெக் பேக் கொடுத்து எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) போடச் சொல்லுங்கள். துணி கன்சம்ப்ஷன் (ஓர் உடைக்கு எவ்வளவு துணி), வேஸ்டேஜ், அக்சசரீஸ் எதையாவது விட்டுவிடுகிறாரா பாருங்கள். விலை போடத் தெரியாதவர் பையரிடம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நஷ்டத்துக்கு ஆர்டர் எடுப்பார்.

கமிஷன் மட்டும் என்பது இந்த வேலைக்குப் பொருந்தாது. ஆர்டர் எடுத்தால் பணம் என்றால், முடியாத தேதிக்கு ஒப்புக்கொள்வார், விலையைக் குறைப்பார். தையல் ஹாலில் அந்தச் சுமையைத் தாங்குபவர்கள் உங்கள் தொழிலாளர்கள். நிரந்தரச் சம்பளம் கொடுங்கள். அதற்கு மேல் ஊக்கத்தொகை கொடுப்பதானால் ஆர்டர் மதிப்பை வைத்துக் கணக்கிடாமல், பையரிடமிருந்து பணம் முழுதாக வந்த பிறகு, டெபிட் நோட்டும் (குறைகளுக்காகப் பையர் பிடித்துக்கொள்ளும் தொகை) விமானச் செலவும் கழித்துக் கணக்கிடுங்கள். கணக்கிடும் முறையை எழுத்தில் கொடுங்கள்.

வேலை ஆணையில் எழுத வேண்டியவை

வேலை ஆணை இப்போது எல்லோருக்கும் கட்டாயம். தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஏற்கெனவே வேலையில் இருந்து ஆணை இல்லாதவர்களுக்கும் சட்டம் வந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் 85 பேருக்கும் சேர்த்துத் தயார் செய்துவிடுங்கள். மேனேஜருடைய ஆணையில் இவை அவசியம்:

நோட்டீஸ் காலம். இரு தரப்புக்கும் ஒரே அளவாக இரண்டு அல்லது மூன்று மாதம். அந்தக் காலத்தில் சம்பளம் கொடுத்துக்கொண்டே பையர் தொடர்பிலிருந்து அவரை விலக்கி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதுங்கள். அப்போது அவர் இன்னும் உங்கள் ஊழியர், ஆகவே அவர் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். நீங்கள் நேரில் போய்ப் பையரைப் பார்க்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஐந்து வருடத் தடையால் கிடைக்காத பாதுகாப்பு இதில் கிடைக்கிறது.

ரகசியம். 'நிறுவனத்தின் எல்லா ரகசியங்களும்' என்று பொதுவாக எழுதினால் பயன் குறைவு. காஸ்டிங் ஷீட், பையர் விலை, பேட்டர்ன், சப்ளையர் விலை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுங்கள். விலகிய பிறகு ஒரு வருடம் உங்கள் பையர்களை அணுகக் கூடாது என்ற வரியையும் சேர்க்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பையர் தானாக அவரைத் தேடிப் போனால் அந்த வரியால் தடுப்பது கடினம்.

அதிகாரத்தின் எல்லை. எத்தனை சதவீதம் வரை தள்ளுபடிக்கு அவர் ஒப்புக்கொள்ளலாம், எதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள். அதைப் பையருக்கும் தெரிவியுங்கள். இது முக்கியம். அவருக்கு அதிகாரம் இருப்பதாகப் பையர் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டிருந்தால், அவர் கொடுத்த வாக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆவது பிரிவுப்படி உங்களைக் கட்டும்.

தொடர்பு முறை. பையரிடம் பேசுவது நிறுவனத்தின் மெயில் முகவரியிலும், நிறுவனத்தின் பெயரில் உள்ள சிம் எண்ணிலும் மட்டும். சொந்த ஜிமெயில், சொந்த வாட்ஸ்அப் கூடாது.

இந்தக் கடைசி விஷயம் உங்களிடம் இருந்திருந்தால், ஒன்பது வருடப் பேச்சு வார்த்தை ஒருவருடைய செல்போனோடு வெளியே போயிருக்காது. ஒவ்வொரு பையருக்கும் தனியாக ஒரு பொது மெயில் முகவரி வையுங்கள். அது மேனேஜர், உதவியாளர், நீங்கள் மூவருக்கும் வரட்டும். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒப்புதல், திருத்தம், விலை எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை வீடியோ அழைப்பில் நீங்கள் உட்காருங்கள். பாதிப் பேச்சு புரியாவிட்டாலும் பரவாயில்லை, முகம் தெரியட்டும். பையர் திருப்பூர் வரும்போது மேனேஜர் மட்டும் ஹோட்டலுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்தி, ஃபேக்டரிக்கு அழைத்து நீங்களே தையல் ஹாலைச் சுற்றிக் காட்டுங்கள். பையருக்கு உங்கள் நிறுவனத்தில் மூன்று பேரைத் தெரிந்திருந்தால், ஒருவர் போவது இவ்வளவு பெரிய அடியாக இருக்காது. வருகிற மேனேஜருக்கும் இது நல்லது. காய்ச்சலில் படுத்தாலும் போனை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை அவருக்கு இருக்காது. பழைய மேனேஜர் ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட நீண்ட விடுப்பு எடுக்கவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அவர் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை: இந்த வாரம் பழைய மேனேஜரின் சம்பளம், ஜெர்மனி பையருக்கு மெயில், லேப்டாப்பைப் பூட்டுவது. அடுத்த வாரம் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும், இனி யார் யார் தொடர்பில் இருப்பார்கள் என்று உங்கள் பெயரில் ஒரு கடிதம். அதற்கு அப்புறம்தான் நேர்காணல். இதற்கிடையில் கடிதத்தின் பின்குறிப்பில் சொன்ன அந்த இரண்டு சூப்பர்வைசர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை பீரோவிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள்.